பூட்ஸுக்குள் மண் போட்டு மலை ஏறியவர்

கள்ளக்குறிச்சி வட்டாரத்திலேயே மனிதர்களை முகம் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளாத ஒரே ஆள் கிலோ அண்ணன்தான். நமக்கெல்லாம் பெயர் வேண்டும், ஊர் வேண்டும், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிய வேண்டும். அவருக்கு எடை தெரிந்தால் போதும். அதையும் கேட்க மாட்டார். ஒரு தரம் பார்ப்பார், சொல்வார். முக்கால்வாசி சரியாக இருக்கும். தவறினால், "நீ காலைல சாப்பிடலியா?" என்று கேட்பார். அதுவும் சரியாக இருக்கும்.

சேலம் போகும் ரோட்டில் ஓர் எடைமேடையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தார். கரும்பு டிராக்டரும் மக்காச்சோள லாரியும் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டியும் அந்த இரும்பு மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்து எண்ணைப் படித்து அவர் சீட்டு எழுதிக் கொடுப்பார். சீட்டு எழுதுவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். அந்த நடைக்கு லாரிக்காரர்கள் பயப்படுவார்கள். லோடு எடை ஏற வேண்டும் என்பதற்காகக் கிளீனரைத் தார்ப்பாய்க்கு அடியில் படுக்க வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அண்ணன் தார்ப்பாயைத் தொடக்கூட மாட்டார்.

"உள்ள கீற அம்பத்திரண்டு, எறங்கி வாப்பா. வேர்க்குது பாரு."

உள்ளேயிருந்து கிளீனர் தலை வெளியே வரும்.

ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மணமக்களை வாழ்த்த மேடை ஏறினார். பெண்ணின் கழுத்தைப் பார்த்தார். "மாலையே மூணு கிலோ கீது. பொண்ணு நாப்பத்தஞ்சு. யாருய்யா இந்த ஓவர் லோடு ஏத்தினது?" என்று சத்தம் போட்டு, மாலையைக் கழற்ற வைத்துவிட்டுத்தான் இறங்கினார். மாப்பிள்ளை வீட்டார் முறைத்தார்கள். அந்தப் பெண் மட்டும் கழுத்தைத் தடவிக்கொண்டு அவரைக் கும்பிட்டது.

அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் இறந்தபோது பாடை தூக்கத் தோள் கொடுத்தார். பத்தடி நடந்தவர் நின்றுவிட்டார். "போன தீபாவளிக்கு அறுபத்தஞ்சு இருந்தான். இப்ப நாப்பதுதான் கீறான். சோறு போட்டீங்களா இல்லியா?" என்று கேட்டார். மேளம் நின்றது. மகன்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எந்தச் சாவு வீட்டிலும் அவரைத் தோள் கொடுக்கக் கூப்பிடுவதில்லை.

என் பெயர் அறுபத்தொண்ணு. அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அவரைத் தவிர என்னைத் தினமும் கூப்பிடுகிறவர் யாரும் இல்லாததால் இதுவே நிலைத்துவிட்டது. ஐந்தாவது வரை படித்தேன். சொந்தமாக ஒரு குட்டியானை, சின்ன லோடு வண்டி, ஓட்டுகிறேன். கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்குவேன். பேச்சு எனக்கு வராது. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் மாப்பிள்ளை ஊமையோ என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இல்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அப்படியே நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது.

எடைமேடையில் மட்டும் அந்தத் தொந்தரவு இல்லை. பேசுவதெல்லாம் அண்ணன் பேசிவிடுவார். சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு வந்து, அவர் அறையில் ஒரு கவிழ்த்த டின் மேல் உட்கார்ந்திருப்பேன். ரோட்டில் போகிறவர்களின் எடையை அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். இருட்டும்வரை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பேன்.

இவ்வளவு பேசுகிறவர் ஒருத்தியைப் பற்றி மட்டும் பேச மாட்டார். அவருடைய மகள் ரேவதி. ஒரே பெண். பன்னிரண்டு வயதில் தாயை இழந்தவள். நர்ஸ் படிப்பு படித்து மலையில் வேலைக்குப் போனாள். அங்கேயே, சாமையும் கிழங்கும் போடுகிற ஒரு மலைக்காரப் பையனைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கையோடு மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் எடைமேடைக்கு ஆசீர்வாதம் வாங்க வந்தார்கள். கரும்பு வெட்டு நேரம். பதினோரு டிராக்டர் வரிசையில் நின்றது. எல்லாரும் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"செத்தாலும் அந்த மலை மண்ணுல என் காலு படாது."

கூட்டம் இல்லாமல் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும். எங்கள் பக்கத்தில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்ட வார்த்தையைத் திரும்ப வாங்க வழி கிடையாது. சொன்னவரே வாங்க நினைத்தாலும் கேட்டவர்கள் விட மாட்டார்கள். எட்டு வருடம் போய்விட்டது.

அந்த எட்டு வருடமும் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் நான் ஓடினேன். கிழங்கு ஏற்றப் போகும்போது ரேவதி ஒரு பையைக் கொடுப்பாள். பரங்கிக்காய், சாமை அரிசி, தேன். "அப்பாகிட்ட குடுத்துடுங்க சித்தப்பா. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க" என்பாள். சொன்னால் அவர் வாங்க மாட்டார். அதனால் வழியில் கிடந்தது என்று சொல்லுவேன். அவர் அதைத் தராசில் வைத்து எடை பார்த்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார். ஒரு தரம் புதுச் சட்டை ஒன்று கொடுத்தாள்.

"சட்டையா? இது எங்க கெடந்துது?"

"வழியிலதான் அண்ணே."

போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. "நல்ல ரோடுடா அது. அளவு தெரிஞ்சி போடுது" என்றார்.

கொடுக்கும்போது அவள் அவரைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டாள். வாங்கும்போது அவரும் கேட்க மாட்டார். "மேல மழையா?" என்பார். "அந்தப் பச்ச வூட்டாண்ட பலா காச்சிருக்குதா?" என்பார். பச்சை பெயின்ட் அடித்த அந்த வீடு யாருடையது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன வருடம் மலையில் இரண்டு நாள் பலூன் திருவிழா என்று நோட்டீஸ் வந்தது. நெருப்பு மூட்டிச் சூடான காற்றை அடைத்துப் பறக்க விடுகிற ராட்சத பலூன். அடியில் பிரம்புக் கூடை, அதில் ஆட்கள். கயிறு கட்டி மேலே அனுப்பி இறக்குவார்கள். நோட்டீஸை எடைமேடைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அண்ணன் அதை மூன்று நாள் படித்தார்.

"எத்தினி அடி போவும்?"

"நூத்தம்பது அடின்னு போட்டிருக்குது அண்ணே."

"அந்த மைதானத்துக்கு வடக்கால ஒரு கரடு இருக்குதுன்னு சொன்னியே. அது எத்தினி அடி இருக்கும்?"

எனக்குப் புரிந்துவிட்டது. கரடு ஒரு சின்னக் குன்று; அதற்கு அந்தப் பக்கம் பள்ளத்தில்தான் ரேவதியின் ஊர். ஆனால் அவர் என்னிடம் சொன்ன காரணம் வேறு. "ஆள நிக்க வெச்சி காத்து தூக்குதாம். எத்தினி கிலோ தூக்குதுன்னு பாக்க வாணாமா? இது என் தொழிலு."

சனிக்கிழமை மதியம் எடைமேடையைப் பூட்டினார். இருபத்தாறு வருடத்தில் வேலை நாளில் பூட்டியது அதுதான் முதல் தடவை. நின்றிருந்த இரண்டு டிராக்டர்காரர்கள் கத்தினார்கள். "நீ மூணு டன்னு, அவன் ரெண்டே முக்காலு. சீட்டு திங்கக்கெழம" என்று சொல்லிவிட்டு வந்தார். கையில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். போர் போடுகிற வண்டிக்காரரிடம் இரவல் வாங்கியது, முழங்கால் வரைக்கும் வரும். வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து ரோட்டோர மண்ணை இரண்டு கையாலும் அள்ளி இரண்டு பூட்ஸுக்குள்ளும் போட்டார். அதன் மேல் காலை நுழைத்தார்.

"இன்னா அண்ணே இது?"

"எங்க நின்னாலும் என் காலுக்கு அடியில கள்ளக்குறிச்சி மண்ணுதான். சொன்ன சொல்லு சொன்னதுதான்."

கரக் கரக் என்று சத்தம் கேட்க நடந்து வந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் இறங்கிப் போய்விடுவார்.

ஒன்றரை மணி நேரப் பயணம். எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. கச்சிராயபாளையத்தில் இன்னோர் எடைமேடையைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். மேடையில் ஒரு கல் கிடந்ததாம். இறங்கிப் போய், அங்கே இருந்தவரோடு அரை மணி நேரம் சண்டை போட்டு, கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார். மலை ரோட்டில் ஏறினால் கார்களுக்குப் பின்னால் கார்கள். மாவட்டமே பலூன் பார்க்கக் கிளம்பிவிட்டது போலிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி நிற்கும். நிற்கிற வண்டிகளில் உள்ளவர்களுக்கு அண்ணன் எடை சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு காருக்குள் ஒன்பது பேர் இருந்தார்கள்.

"ஐயா, பின்னாடி அறநூறு கிலோ வெச்சிக்கினு வளைவுல ஏத்துறீங்க. ரெண்டு பேரு எறங்கி நடங்க."

"உங்க வேலைய பாத்துக்கினு போங்க."

"இதான்யா என் வேல."

அடுத்த வளைவில் அந்தக் கார் புகை விட்டுக்கொண்டு நின்றது. அவர்களைத் தாண்டிப் போகும்போது அண்ணன் இரண்டு விரலை மட்டும் காட்டினார்.

மைதானம் போய்ச் சேர்ந்தபோது நல்ல காற்று. காற்று இருந்தால் பலூனை ஏற்ற மாட்டார்களாம். அது கல்யாணப் பந்தல் பிரித்துப் போட்ட மாதிரி தரையில் கிடந்தது. ஏற வந்தவர்கள் திட்டினார்கள். மைக்கில் ஒருவர் "காலை ஆறு மணி, காலை ஆறு மணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வரிசையில் நின்று அண்ணனுக்கு ஒரு டோக்கன் வாங்கினேன். எனக்கு வாங்கவில்லை. உயரம் எனக்கு ஆகாது. இட்லி வாங்கி வந்து வண்டியிலேயே சாப்பிட்டு, பின்பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்தோம். அவர் பூட்ஸைக் கழற்றவில்லை.

"அறுபத்தொண்ணு."

"சொல்லுங்க அண்ணே."

"அந்த வூட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்?"

"கிழக்கால."

"அப்ப காலைல வெயிலு மொகத்துல அடிக்கும். நல்லா தெரியும்."

ஊரில் உள்ளவர்கள் எல்லாம் பலூன் பார்க்க இங்கே வந்துவிட்டால் வீட்டில் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஞாயிறு காலை பனி விலகியதும் ஒரு பெரிய விசிறியை வைத்துப் பலூனுக்குள் காற்றை அடித்தார்கள். பிறகு நெருப்பை விட்டார்கள். புஸ்ஸென்று அது சீறியதும் மலை நாய்கள் எல்லாம் ஒரே குரலில் குரைத்தன. கிடந்த துணி மெதுவாக எழுந்து நின்றது. கோயில் தேரைவிடப் பெரியது. சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அண்ணன் மட்டும் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சுற்றிலேயே அவருக்கு இடம். அவரோடு மூன்று பேர்: விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி, கேமரா மாட்டிய ஒரு பாங்க் அதிகாரி. கழுத்தில் அட்டை தொங்க விட்ட ஒரு பெண் காகிதம் கொடுத்தாள். பெயர், வயது, எடை எழுத வேண்டும். எழுதினார்கள். அவள் கூட்டிப் பார்த்தாள்.

"ஓகே சார். கரெக்டா இருக்கு. ஏறுங்க."

அண்ணன் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவின் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"அறுபத்தெட்டா? இந்தம்மா எழுபத்தாறு."

"ஹலோ!" என்றார் அந்த அம்மா.

"அவுரு எம்பதுன்னு எழுதியிருக்காரு. அது அவுரு கல்யாணத்தப்ப இருந்தது. இப்ப எம்பத்தஞ்சு. பாங்க்காரரு மட்டும் ஒழுங்கா எழுதியிருக்காரு, ஆனா தோள்ல கீற பைய விட்டுட்டாரு."

"சார், ப்ளீஸ். மத்தவங்க மூடை ஸ்பாயில் பண்ணாதீங்க" என்றாள் அட்டைக்காரப் பெண்.

"கூடைக்கு எத்தினின்னு கணக்கு வெச்சிருக்கீங்க இல்ல? அப்புறம் எதுக்குமா பொய் எழுதி வாங்கற?"

அவள் கூடாரத்துக்குள் போய் ஒரு சின்ன எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அவர் வாயை அடைக்கத்தான். ஒவ்வொருவராக ஏறி நின்றார்கள். எழுபத்தாறு. எண்பத்தைந்து. அந்த அம்மா தன் கணவரைப் பார்த்தார். கணவர் மலையைப் பார்த்தார். பாங்க் அதிகாரி பையைக் கழற்றிக் கீழே வைத்தார். அவள் மறுபடியும் கூட்டினாள்.

"இன்னும் மூணு கிலோ ஜாஸ்தி இருக்கு சார்."

யாரும் அண்ணனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எடையைக்கூட அவள் பார்க்கவில்லை. அவர் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அண்ணன் பேசாமல் இருந்திருந்தால் பாங்க் அதிகாரி விலகியிருப்பார். அவர் ஏற்கனவே ஒரு காலைப் பின்னால் வைத்துவிட்டார்.

"பூட்ஸு நாலு கிலோ" என்றார் அண்ணன்.

"அப்போ அதைக் கழட்டிடுங்க சார், முடிஞ்சது."

அவர் நின்ற இடத்திலிருந்து கூடைக்கு நாலு எட்டு இருக்கும். பனியில் நனைந்த சிவப்பு மண். அதைப் பார்த்தார். கரட்டைப் பார்த்தார். பலூன் மறுபடியும் சீறியது. இருபத்தாறு வருடம் யாருக்காகவும் ஒரு கிலோவைக் கூட்டியோ குறைத்தோ எழுதாத மனிதர். இப்போது தனக்காகவும் எழுத முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு பூட்ஸைக் கழற்றினார். பிறகு இன்னொன்றை. வெறுங்காலோடு நாலு எட்டு வைத்து நடந்தார். தண்ணீருக்குள் இறங்குகிறவர் மாதிரி அடி எடுத்து வைத்தார். கூடையில் ஏறியதும் திரும்பி என்னைப் பார்த்து, "நீ ஒண்ணும் பாக்கல" என்றார். தலையை ஆட்டினேன்.

கயிற்றை விட்டார்கள். பலூன் சத்தமே இல்லாமல் மேலே போனது. என் பெயரைக் கூப்பிடுகிற ஒரே ஆள் ஒரு கூடையில் ஏறி ஆகாயத்துக்குப் போவதை, கையில் இரண்டு பூட்ஸோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சித்தப்பா? நீங்க எங்க இங்க?"

ரேவதி. அவள் ஊர்ப் பெண்கள் பத்துப் பேரோடு கூட்டத்தில் வந்து நின்றிருந்தாள். "இது யாரு பூட்ஸு?" என்றாள். கையை மேலே காட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூடையின் அடிப்பாகம்தான் தெரிந்தது. அப்போது என் போன் அடித்தது. அண்ணன் குரலுக்கு ஸ்பீக்கர் போட வேண்டிய அவசியமே இல்லை.

"அறுபத்தொண்ணு! கேக்குதா?"

"கேக்குது அண்ணே."

"பச்ச வூடு தெரியுதுடா! பலா மரம் தெரியுது. கொடியில ஒரு செவப்பு பொடவ காயுது. ஆனா ஆள காணோம். கதவு சாத்திக்கினு கீது. ஊரே காலியா கீது. இன்னாடா ஆச்சு இந்த ஊருக்கு?"

ரேவதி சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நான் கொஞ்சம் யோசித்தேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால், அவர் இறங்கி வருவார், கூட்டத்தில் அவளைப் பார்க்காமலே வண்டி ஏறுவார், திங்கட்கிழமை சாயங்காலம் நான் மறுபடியும் அந்த அறையில் போய் உட்காரலாம். பேசாமல் இருந்தாலே போதும். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். எட்டு வருடம் நான் அதைத்தான் செய்தேனோ என்றுகூட அன்றைக்குத் தோன்றியது. இரண்டு பேருக்கும் நடுவில் என்னை விட்டால் ஆள் இல்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

"அவ எங்கடா போனா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றது போன்.

போனை ரேவதியிடம் நீட்டினேன்.

"அப்பா" என்றாள். "கீழ பாருப்பா."

மேலே நெருப்பு ஒரு முறை சீறி அடங்கியது. கூடையின் விளிம்புக்கு வெளியே ஒரு தலை வந்தது.

"போன்ல யாரு பேசறது?"

"நான்தாம்பா."

அந்தத் தலை உள்ளே போய் மறுபடியும் வெளியே வந்தது.

"நீ இன்னா இங்க கீற? வூட்ட அப்படியே போட்டுட்டு?"

"பூட்டிட்டுதான் வந்தேன். நீ இன்னா மேல கீற?"

"சும்மா. காத்து வாங்க வந்தேன்."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சுற்றி நின்ற பெண்கள் மேலே பார்த்துக் கை ஆட்டினார்கள். அண்ணன் போனை அணைக்க மறந்துவிட்டதால் மேலே நடந்ததெல்லாம் எங்களுக்குக் கேட்டது. "எறக்கு! யோவ், எறக்குய்யா!" என்று பலூன் ஓட்டுகிறவரிடம் கத்தினார். அவர் வடக்கத்திக்காரர். பெரியவர் பயப்படுகிறார் என்று நினைத்து, முதுகைத் தட்டிக்கொடுத்து இந்தியில் தைரியம் சொன்னார். "நேரம் முடியாம இறக்க மாட்டாங்க. எடைய மட்டும் கரெக்டா சொல்லத் தெரியுது இல்ல? நில்லுங்க" என்றார் விழுப்புரத்து அம்மா. ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம். அது முடியும்வரை நின்றார்.

கூடை தரையைத் தொட்டது. கதவைத் திறக்கும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை. விளிம்பைத் தாண்டிக் குதித்தார். நான் பூட்ஸை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதைப் பார்க்கக்கூட இல்லை. மண்ணில் வெறுங்காலோடு நின்றுகொண்டு மகளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தார்.

"அம்பத்தாறு இருந்த. இப்ப நாப்பத்தொம்போது கீற. ஏழு கிலோ எங்க?"

"ரெண்டு புள்ள பெத்திருக்கேன்பா."

"புள்ள பெத்தா ஏறணும்டி. எறங்கக் கூடாது." அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. எனக்குத் தெரிந்து அது ஒரு நாள்தான்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கரட்டுப் பாதையில் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "அறுபத்தொண்ணு, வா" என்றார். "சோறு ஆக்கறேன், வாங்க சித்தப்பா" என்றாள் அவளும்.

"லோடு இருக்குது அண்ணே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லோடு கிடையாது. அவருக்கும் அது தெரியும். ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு போனார்.

வண்டியை இறக்கினேன். காலி வண்டி மலை வளைவுகளில் நிலையில்லாமல் துள்ளும். மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். கச்சிராயபாளையத்துக்கு வந்து சேரும்போது மதியம் ஆகிவிட்டது. வழி முழுக்க யாரும் யாருடைய எடையையும் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து வந்தார். எடைமேடைச் சாவியை முதலாளியிடம் கொடுத்தார். இரண்டு வேட்டியும் ஒரு டிரங்குப் பெட்டியும் எடுத்துக்கொண்டு என் வண்டியிலேயே திரும்பி மலை ஏறினார். இப்போது ரேவதி வேலை செய்கிற இடத்துக்குத் தினம் அவளோடு போய் உட்கார்ந்துகொள்கிறாராம். கைக்குழந்தையைத் தராசில் போடுவதற்கு முன்னால், "ரெண்டு எழுநூறு" என்று சொல்லிவிடுகிறாராம். தராசும் அதே எண்ணைக் காட்டுவதைப் பார்த்துத் தாய்மார்கள் பயப்படுகிறார்கள் என்று ரேவதி சொன்னாள். எடை குறைந்த குழந்தை வந்தால் அந்தத் தாயின் மாமியாரைக் கூப்பிட்டுத் திட்டுகிறாராம்.

எடைமேடையில் புதிதாக ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். திரையைப் பார்த்து எழுதிவிட்டு, என்னை வண்டி நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறார். சீட்டு வாங்கியதும் நான் கிளம்பிவிடுவேன்.

ரேவதியின் ஊரில் போன் எடுக்காது. ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதன் உச்சியில் நின்றால் சிக்னல் ஒரு கோடு வரும். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கிருந்து எனக்கு ஒரு போன் வருகிறது. "எங்க கீற?" என்பார். "ரோட்டுல அண்ணே" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவார். இந்த ஒரு கேள்விக்காக அறுபத்திரண்டு வயதில் அவர் பாறை ஏறி இறங்குகிறார். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நான் வண்டியை ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுவேன். அவர் கேட்பது சரியாகக் காதில் விழ வேண்டும்.